மணி அடிப்பவன்

2025 ஜூலை 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று முற்றத்து மணலை வாரிக்கொண்டுவந்து மண்டபத்துக்குள் கொட்டியிருந்தது. மண்டபம் என்று நாங்கள் பழக்கத்தில் சொல்கிறோம். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு நான் குத்துச்சண்டை பழக்கும், தகரம் போட்ட ஒரு நீண்ட கொட்டில் அது. மாலையில் பிள்ளைகள் வருவதற்குள் விரிப்புகளைத் தட்டி உலர்த்திவிடலாம் என்று நின்றபோது துபாயிலிருந்து என் பழைய மாணவனின் அழைப்பு வந்தது.

"மாஸ்டர், சண்டையைப் பார்த்தீர்களா? அந்த மனிதருக்கு 46 வயது. எனக்கு 35தான்."

பார்த்திருந்தேன். 2021இல் ஓய்வை அறிவித்த பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மானி பக்கியாவ், நான்கு ஆண்டுகள் கழித்து லாஸ் வேகாஸில் மேடையேறி, தன்னைவிட 16 வயது இளையவரான உலகச் சம்பியன் மரியோ பாரியோஸுடன் 12 சுற்றுகளும் நின்று, சமநிலையில் முடித்திருந்தார். கதிரையை விட்டெழுந்து நானும் கைதட்டினேன். ஆனால் இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து வந்தபோது என் மகிழ்ச்சி வடிந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்தது.

"ஒக்டோபரில் ஒரு சண்டை தருகிறார்கள். ஆறு சுற்று. இதுதான் கடைசி, மாஸ்டர். அப்பாவின் கடமைக்கு ஆடி அமாவாசைக்கு வருகிறேன், வந்து சொல்கிறேன்."

மூன்று ஆண்டுகளில் நான் அவனிடமிருந்து கேட்ட நான்காவது "கடைசி" இது. அந்த ஐந்து நிமிடப் பேச்சில், என் மகளுக்குப் பரீட்சை முடிவு வந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டான். முதல் தடவையே நான் பதில் சொல்லியிருந்தேன். இதை எழுத உட்கார்ந்தது அந்த இரண்டாவது கேள்வியால்தான்.

அவன் நாவலடிப் பிள்ளை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது அவனுக்கு 14 வயது. தகப்பன் போனார், தோணியும் வலையும் போயின, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. 2006இல் ஒரு பின்னேரம் மண்டபத்து வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. மூன்று நாள் அப்படியே நின்றான். நான்காம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மணல் மூட்டையிடம் போனான். அடித்த விதத்தைப் பார்த்து எனக்கு விளங்கியது: அவனுக்கு அடிக்க ஒன்று தேவைப்பட்டது, எதிராளி தேவைப்படவில்லை. நல்ல கால்கள். இடது கை அவ்வளவு வேகம். வலது கையைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்திரு என்று எட்டு வருடம் சொன்னேன். அதை மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

2014இல் பாதுகாவலர் வேலைக்குத் துபாய் போனான். இரவு வேலை முடிந்து ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கிருந்துதான் காசுக்குச் சண்டை. இதுவரை 11 சண்டைகள். 4 வெற்றி, 7 தோல்வி. கடைசி ஐந்தும் தொடர் தோல்விகள்.

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சம்பியன்கள் மட்டுமே தெரிவார்கள். ஒரு சம்பியன் உருவாக வேண்டுமென்றால் அவன் ஏறிப்போகப் படிகள் வேண்டும். எங்கள் பிள்ளை படி. இரண்டு வாரத்துக்கு முன் தொலைபேசி வரும்: 22 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், தோல்வியே காணாதவன், உன் எடைதான், வருகிறாயா? பையனுக்காக வந்தவர்கள்தான் மண்டபம் நிறைய இருப்பார்கள். இவன் விழுந்துவிடாமல் நின்று, நன்றாகச் சண்டை பிடித்து, தோற்க வேண்டும். அடுத்த அழைப்பு வருவதற்கு அதுதான் தகுதி. பாதுகாவலர் வேலையில் ஒரு மாதம் நின்று வாங்குவதை ஓர் இரவில் வாங்கலாம். அதில் பயிற்சியாளருக்குப் பத்தில் ஒரு பங்கு. மேலாளர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு மூன்றில் ஒன்றுவரை போவது இந்தத் தொழிலின் வழக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்து வீரர்களுக்கு ஓய்வூதிய நிதி வைத்திருக்கிறார்கள். இவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

ஆனாலும் "இப்போது காசுக்காக இல்லை, மாஸ்டர்" என்று அவன் சொல்வதை நான் நம்புகிறேன். நம்புவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் காசுக்குச் சண்டை பிடித்தவன் அல்லன். 1988இல் கொழும்பு புறக்கோட்டையில் மாமாவின் கடையில் நின்றபோது ஒரு கழகத்தில் சேர்ந்து பழகியவன். எடை 54 கிலோ. ஆறு வருடம் என் வாழ்க்கை முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருந்தது. விடிய நாலரைக்கு எழும்பிக் காலிமுகத்திடலுக்கு ஓடுவேன். எப்போது தண்ணீர் குடிப்பது, எத்தனை கவளம் சோறு, எத்தனை மணிக்குப் படுப்பது என்பதையெல்லாம் போட்டித் திகதி தீர்மானிக்கும். 1994இல், எனக்கு 26 வயதாக இருந்தபோது, இடது கண்ணில் கரும்புள்ளிகள் பறக்கத் தொடங்கின. பிறகு ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்கியது. விழித்திரை கழன்றிருக்கிறது என்றார் மருத்துவர். சத்திரசிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றினார்கள். இனி மேடையேறக் கூடாது.

அதன் பிறகும் நாலரைக்கு விழிப்பு வந்தது. சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் எழும்பும் சத்தம் கேட்டதும் கழற்றி வைத்துவிடுவேன். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. மாமி தட்டு நிறையச் சோறு போடுவார். போதும் என்று தடுக்க யாருமில்லை. அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உணர்ந்த தனிமையை, தகப்பனாரின் மரணத்தின்போதுகூட நான் உணரவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. என் உடம்பின் மேல் அதுவரை எத்தனையோ பேருக்கு அக்கறை இருந்தது. ஒரே நாளில் அது யாருக்கும் வேண்டாத உடம்பாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே லெனார்ட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவருக்கும் 1982இல் இதே விழித்திரைக் கோளாறு. புகழின் உச்சியில் ஓய்வு பெற்றார். 1984இல் திரும்பி வந்து, வென்ற அன்றே மறுபடி ஓய்வு. 1987இல் மறுபடியும் வந்து மார்வின் ஹேக்லரைப் புள்ளிகளில் வென்றார். பெரும் சர்ச்சைக்குள்ளான தீர்ப்பு அது. தோற்ற ஹேக்லர் அதன் பிறகு ஒருநாளும் மேடையேறவில்லை. இத்தாலிக்குப் போய்ப் படங்களில் நடித்துக்கொண்டு இருந்துவிட்டார். வென்ற லெனார்ட்டோ 1991இல் தோற்றார், ஓய்வு என்றார், 40 வயதில், 1997இல், மறுபடி வந்து ஐந்தாம் சுற்றில் நிறுத்தப்பட்டார். பணத்துக்குக் குறைவில்லாத மனிதர் அவர். வென்றவருக்கு இன்னொரு வெற்றி மிச்சமிருப்பதாகத் தோன்றுகிறது. தோற்றவருக்கு இப்படியா முடிப்பது என்று தோன்றுகிறது. எங்கள் பிள்ளையின் தொடர் தோல்விகள் அவனை நிறுத்தாததும் இதனால்தான். ஹேக்லர் எப்படி எழுந்து போனார் என்பதைத்தான் நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

ஜோ லூயிஸின் கதை வேறு. அவருக்குக் கடன். 1937 முதல் 1949 வரை உலகச் சம்பியனாக இருந்தவர். போர்க்காலத்தில் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். பிறகு வரித் திணைக்களம் அவரைக் கழுத்தைப் பிடித்தது. அந்தக் கடனுக்காகவே ஓய்விலிருந்து திரும்பினார். 1951 ஒக்டோபரில், 37 வயதில், ரொக்கி மார்சியானோவின் அடியில் எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். பிறகு காசுக்கு மல்யுத்தம்கூடச் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை. 1938இல் அவரிடம் முதல் சுற்றிலேயே தோற்ற ஜேர்மானியர் மக்ஸ் ஷ்மெலிங், போருக்குப் பின் கொக்கா கோலா வியாபாரத்தில் காலூன்றி 99 வயதுவரை வாழ்ந்தார். 1981இல் லூயிஸ் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவுக்குக் கைகொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

கடன்தான் காரணம் என்று இதோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். லாரி ஹோம்ஸ் அதற்கு விடமாட்டார்.

1980 ஒக்டோபர் 2. முகம்மது அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். எதிரே ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணையாக இருந்து அவரிடமே தொழில் பழகியவர். ஒளிப்பதிவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அலி கைகளை உயர்த்தி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அடி வருவது அவருக்குத் தெரிகிறது, உடம்பு அசைவதில்லை. ஹோம்ஸ் நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். பத்தாம் சுற்று முடிந்ததும் அலியின் மூலையிலிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வென்ற ஹோம்ஸ் அழுதார்.

அலி அதோடும் நிற்கவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவின் நாசோ நகரில் ட்ரெவர் பேர்பிக்குடன் இன்னொரு சண்டை. ஏற்பாட்டாளர்களிடம் முறையான மணிகூட இருக்கவில்லை. ஒரு மாட்டு மணியை அடித்துத்தான் சுற்றுகளை நடத்தினார்கள். உலகத்தின் மிகப் பெரிய வீரனுக்குக் கடைசியாகக் கேட்டது அந்தச் சத்தம். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள்.

அலிக்காக அழுத ஹோம்ஸ் என்ன செய்தார்? ஊரில் நிலமும் கட்டடங்களும் வாங்கிச் சொத்துச் சேர்த்தவர், குடும்பத்தோடு நிலையாக வாழ்ந்தவர். அவரும் 1986இல் நிறுத்தினார், 1988இல் திரும்பி வந்து டைசனிடம் விழுந்தார், 1991இல் மறுபடி வந்தார். கடைசிச் சண்டை 2002இல். அப்போது அவருக்கு 52 வயது. அந்தக் கண்ணீரைவிட இந்த எண் எனக்கு அதிகம் வலிக்கிறது. கண் முன்னால் ஒருவர் சிதைவதைப் பார்த்தவர், தன் கைகளாலேயே சிதைத்தவர், அவருக்கே போதவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1928இல் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கியவர்கள் குடித்தவர்கள்போலத் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விடயம். ஒரு பெரிய அடி மட்டும் இதைச் செய்வதில்லை. பயிற்சியில் வாங்கும் சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்து சேர்ந்து செய்கின்றன. நிறுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய மூளைதான் அத்தனை அடியையும் வாங்குகிறது. அதனால் அவனாகவே புரிந்துகொள்ளட்டும் என்று நாம் ஒதுங்கி நிற்பது பெரும் தவறு. பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்வது சரி, நிறுத்து என்று சொன்ன பிறகு அவனை எங்கே போய் இருக்கச் சொல்வது? இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வருகிறது.

அப்பா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வடமோடி நாட்டுக்கூத்து ஆடியவர். துரியோதனனுக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்து, சதங்கையோடு வட்டக்களரிக்குள் வரவு ஆடத் தொடங்கினால் விடியும்வரை அந்தக் கால்கள் ஓயாது. அவருக்கு ஐம்பது தாண்டியதும் முழங்கால் விட்டுக்கொடுத்தது. அந்த வருடம் துரியோதனன் பாத்திரத்தை வேறொரு இளைஞர் ஏற்றார். அப்பா வீட்டில் இருக்கவில்லை. அதே களரியில், மத்தளக்காரருக்குப் பக்கத்தில், பிற்பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார். இளைஞர் ஒரு தாளத்தைத் தவறவிட்டபோது அப்பாவின் குரல் ஓங்கி எழுந்து அவரைப் பிடித்துத் தூக்கியதை, பாயில் படுத்திருந்த சிறுவனாக நான் கேட்டேன். பிறகு கூத்துக் கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுத்தார். பிறகு புதியவர்களுக்குச் சட்டம் கொடுத்து, அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டுகளைப் பிரித்துக் கொடுத்து, பழக்கினார். சாகும்வரை மாசி, பங்குனி மாதங்களில் அவரை யாராவது தேடி வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்றார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்கே அங்கு வேலை இருக்கவில்லை.

குத்துச்சண்டை மேடையில் நான்கு மூலைகள் இருக்கின்றன. கால் தளர்ந்தவன் நிற்க ஓரிடமில்லை. கயிற்றுக்கு உள்ளே இருந்தால் எல்லாம், வெளியே வந்தால் ஒன்றுமில்லை. ஜோர்ஜ் ஃபோர்மன் இதில் தப்பியவர். 1977இல் தோற்ற இரவில், உடை மாற்றும் அறையில், இறைவனைக் கண்டேன் என்று சொல்லி விலகி, பத்து வருடம் ஹூஸ்டனில் மதபோதகராக இருந்தார். அங்கே இளைஞர்களுக்கு ஒரு நிலையம் நடத்தினார். அதற்குப் பணம் தேடித்தான் 1987இல் திரும்பி வந்தார், 1994இல் 45 வயதில் மறுபடி உலகச் சம்பியன் ஆனார். அவர் வென்றதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியம், தோற்றிருந்தாலும் அவரை எதிர்பார்த்து ஓர் இடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது. பக்கியாவின் 46ஐச் சொன்ன எங்கள் பிள்ளைக்கு, ஃபோர்மனின் அந்தப் பத்து வருடங்களைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வந்தான். 24ஆம் திகதி வியாழக்கிழமை, ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் சனம் நிறைந்திருந்தது. தகப்பனுக்குக் கடமை முடித்து ஈர வேட்டியோடு படியில் வந்து உட்கார்ந்தான். இடது புருவத்தில் புதிய தழும்பு. சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது விரல்கள் லேசாக நடுங்கின. குளத்து நீரின் குளிர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

நான் தயார் செய்திருந்த எதையும் சொல்லவில்லை. "ஒக்டோபர் சண்டை வேண்டாம், மனே" என்று மட்டும் சொன்னேன். என் அம்மா என்னை அழைத்த சொல் அது. அவனை நான் அதுவரை அப்படி அழைத்ததில்லை.

நீண்ட நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கே இருக்கும்போது, மாஸ்டர், சண்டைக்கு முந்திய எட்டு வாரம்தான் நான் ஒரு ஆள். மற்ற நாட்களில் ஒரு வாசலில் நிற்கிற சீருடை" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாதது. கேட்டுவிட்டு, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் மாலை மண்டபத்துக்கு வந்தான். 2006இல் நின்ற அதே வாசலில் நின்றான். எங்கள் மண்டபத்தில் மின்சார மணி கிடையாது. அம்மாவின் வீட்டில் எருமைக்குக் கட்டியிருந்த பழைய மணியொன்றை வளையில் தொங்கவிட்டிருக்கிறேன். நிறுத்தற் கடிகாரத்தை அவன் கையில் கொடுத்து, இரண்டு நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, மணியைப் பார்த்துக்கொள் என்றேன்.

இரண்டு நிமிடம் கடந்தது. மணி அடிக்கவில்லை. 13 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வலது கையை இறக்கி இறக்கி அடித்துக்கொண்டிருந்தாள். இவன் கடிகாரத்தை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கை! தாடைக்குப் பக்கத்தில்! வலது கை!" என்று கத்தினான். எட்டு வருடம் நான் கத்திய அதே வார்த்தைகள். இரண்டே முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் களைத்து ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் நினைவு வந்து கயிற்றை இழுத்தான்.

ஐந்து நாள் தொடர்ந்து வந்தான். 31ஆம் திகதி துபாய்க்குப் போய்விட்டான். ஒக்டோபரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் விமான நிலைய பஸ் ஏறும்வரை கேட்கவில்லை. போன பிறகுதான் கவனித்தேன், மணிக் கயிறு நைந்திருந்த இடத்தை வெட்டிவிட்டு, தன் உயரத்துக்கு அளவாகப் புதிய முடிச்சுப் போட்டிருக்கிறான். எனக்கு அது எட்டவில்லை. முடிச்சை அவிழ்க்காமல், ஒரு பழைய வாங்கை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மணி அடிக்கிறேன்.